சிறுத்தையைப் பிடித்துத் தொலைவில் விட்டால் என்ன?

கேள்வி இது: "ஊருக்குள் நடமாடும் சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்து, ஆள் நடமாட்டமில்லாத அடர்காட்டில் கொண்டுபோய் விட்டால் மக்களுக்கும் நிம்மதி, சிறுத்தைக்கும் நல்லது. இவ்வளவு எளிய வழி இருக்கும்போது வன உயிரியலாளர்கள் ஏன் அதை எதிர்க்கிறார்கள்? அப்படியானால் சிறுத்தையை எப்படித்தான் பாதுகாப்பது?"

அந்த எளிய வழியை மகாராஷ்டிரத்தில் ஏற்கெனவே முயன்று பார்த்தாயிற்று. தாக்குதல்கள் குறையவில்லை; கூடின. அதனால்தான் எதிர்ப்பு. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கூண்டு வைத்தார்கள், விலங்கு சிக்கியது, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றால் ஊருக்கும் அதிகாரிகளுக்கும் ஏதோ ஒன்றைச் செய்து முடித்த திருப்தி கிடைத்துவிடுகிறது. அந்தத் திருப்தியை எதிர்த்துப் பேசுவது கடினம்.

புனே மாவட்டத்தின் வடக்கே இருக்கிறது ஜுன்னர். குக்கடி பாசனத் திட்டத்தின் அணைகள் வந்தபின் அங்கே கரும்புச் சாகுபடி பெருகியது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஓராண்டுக் காலம் வெட்டப்படாமல் நிற்கும் கரும்பு, சிறுத்தைக்கு அருமையான மறைவிடம். உள்ளே காட்டுப்பன்றி, வரப்பைத் தாண்டினால் ஆடும் நாயும் கோழியும், கைக்கெட்டும் தூரத்தில் வாய்க்கால் தண்ணீர். சிறுத்தைகள் அங்கேயே தங்கி, அங்கேயே குட்டி போட்டன. 2001 முதல் அவற்றைப் பெருமளவில் பிடித்து வேறிடங்களில் விடும் வேலை தொடங்கியது. வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் அந்த நடவடிக்கையின் விளைவை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 29 சிறுத்தைகள் சராசரியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காடுகளில் விடப்பட்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மனிதர்கள்மீது நடந்த தாக்குதல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 4. இடமாற்றம் நடந்த ஆண்டுகளில் அது 17 ஆனது. தாக்கப்பட்டவர்களில் உயிரிழந்தவர்களின் பங்கும் 18 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். தாக்குதல் கூடியதற்கு வேறு காரணங்களைத் தேடலாம். ஆனால் தாக்குதலின் தன்மையே மாறியிருக்கிறது. திடுக்கிட்டு அறைந்துவிட்டு ஓடும் விலங்குக்கும், கவ்வி இழுத்துப்போகும் விலங்குக்கும் உள்ள வேறுபாடு அது.

ஏன் இப்படி ஆகிறது? சிறுத்தை தனித்து வாழும் விலங்கு. ஆனால் அக்கம்பக்கம் இல்லாத விலங்கு அல்ல. ஒவ்வொரு பெண் சிறுத்தைக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் ஆணின் எல்லைக்குள் இரண்டு, மூன்று பெண்களின் எல்லைகள் அடங்கும். மரத்தில் கீறியும், சிறுநீர் பீய்ச்சியும், எச்சம் இட்டும், இரவில் ரம்பம் அறுப்பதுபோல உறுமியும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த பெண் குட்டிகள் பெரும்பாலும் தாயின் எல்லைக்கு அருகிலேயே இடம் பிடிக்கும். ஆண் குட்டிகள் இடம் தேடித் தொலைவு போகும். எல்லை கிடைக்காத இளம் ஆண்கள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, எல்லை பிடித்து வாழும் ஒரு சிறுத்தையை நீங்கள் அகற்றிய மறுவாரமே அந்த இடம் காலி என்ற செய்தி வாசனையாகப் பரவத் தொடங்கிவிடுகிறது.

காலியான இடத்துக்கு வரும் புதிய விலங்குக்கு அந்த ஊர் தெரியாது. எந்த வீட்டு நாய் கட்டிப்போடப்பட்டிருக்கும், எந்த வழியில் மனிதர்கள் எந்த நேரத்தில் நடப்பார்கள், எங்கே பதுங்கினால் யார் கண்ணிலும் படாமல் பகலைக் கழிக்கலாம் என்பதெல்லாம் பழைய சிறுத்தை ஆண்டுக்கணக்கில் கற்றுவைத்திருந்த பாடம். புதியது அதை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வருவது ஒன்றாகவும் இராது. காலியிடத்துக்கு இரண்டு, மூன்று இளம் ஆண்கள் போட்டி போடுவதும் உண்டு. புதிதாக எல்லை பிடிக்கும் ஆண், முந்தைய ஆணுக்குப் பிறந்த குட்டிகளைக் கொன்றுவிடுவது தென்னாப்பிரிக்காவில் நீண்டகாலமாகக் கவனிக்கப்பட்டு வரும் விஷயம். குட்டிகளை இழந்த தாய் விரைவிலேயே மீண்டும் இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடும். கருக்காலம் 3 மாதத்துக்குச் சற்று மேல். ஒரு ஈற்றில் பெரும்பாலும் 2 அல்லது 3 குட்டிகள். ஓர் ஆணைத் தூக்கியதன் விளைவு அந்த ஒரு விலங்கோடு நிற்பதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிடித்துக்கொண்டுபோன விலங்கின் கதி என்ன என்று பாருங்கள். கூண்டு என்பது இரும்புக் கம்பிப் பெட்டி. ஒரு முனையில் ஆடோ நாயோ கட்டப்பட்டிருக்கும். மிதிபலகையில் கால் பட்டதும் பின்னால் கதவு விழும். சிக்கிய சிறுத்தை முதலில் செய்வது கம்பியைக் கடிப்பது. இரவு முழுவதும் கடிக்கும். காலையில் ஊர் கூடி, குச்சியால் குத்தி, கைபேசியை நீட்டிப் படமெடுக்கும்போது இன்னும் ஆவேசமாக மோதிக் கடிக்கும். அதில் கோரைப்பல் முறிவது வெகு சாதாரணம். நெற்றியும் மூக்கும் உரிந்து, நகங்கள் பிய்ந்து இரத்தம் வழியும். சிறுத்தை தன் இரையைக் கொல்வது கோரைப்பற்களால் தொண்டையை நெரித்துத்தான். மேல் கோரைப்பல் உடைந்த விலங்கு இனி கடமானையோ பன்றியையோ எப்படிப் பிடிக்கும்? எளிதாகக் கிடைப்பதைத் தேடும். ஊருக்கு ஆபத்தில்லாமல் இருந்த விலங்கை, ஊருக்கு ஆபத்தானதாக மாற்றித்தான் நாம் வண்டியில் ஏற்றுகிறோம்.

இறக்கிவிடும் காடும் காலியாக இருப்பதில்லை. சிறுத்தை வாழக்கூடிய காடாக இருந்தால் அங்கே ஏற்கெனவே சிறுத்தை இருக்கும், புலியும் இருக்கலாம். வாழ முடியாத காடாக இருந்தால் அங்கே விட்டுப் பயனில்லை. எனவே விடப்பட்ட விலங்கு கிளம்பிவிடுகிறது. பெரும்பாலும் பழைய வீட்டின் திசையை நோக்கி. இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று அஜோபா என்று பெயரிடப்பட்ட ஆண் சிறுத்தை. 2009இல் அகமத்நகர் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட அதற்கு, இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி, மால்ஷேஜ் கணவாய்ப் பகுதியில் விட்டார்கள். நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து, 120 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அது மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. வழியெல்லாம் ஊர்கள். யாரையும் அது தொடவில்லை. அது கடந்து போனதே யாருக்கும் தெரியவில்லை. 2011இல் நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தது. விட்ட இடத்தில் இருக்காது என்பதற்கும், மனிதர்களுக்கு நடுவே ஒரு சிறுத்தை எவ்வளவு அடக்கமாக வாழும் என்பதற்கும் ஒரே விலங்கு சான்றாகிவிட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தொட்டாக வேண்டும். "காட்டை அழித்தோம், அதனால் ஊருக்குள் வருகிறது" என்ற வாக்கியம் நாளிதழ்களில் வாரம் ஒருமுறையாவது வருகிறது. பாதி உண்மை. காடு சுருங்கியது உண்மை. ஆனால் வயலில் பிறந்து, வயலில் வளர்ந்து, காட்டையே பார்த்திராத சிறுத்தைகள் இந்தியாவில் ஏராளம். அவை எங்கிருந்தும் "வந்தவை" அல்ல. மகாராஷ்டிரத்தின் அகோலே பள்ளத்தாக்கில் தானியங்கி கேமராக்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் மனிதர்கள் வாழும் விவசாய நிலம். இயற்கைக் காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கே 100 சதுர கிலோமீட்டருக்கு 5 வளர்ந்த சிறுத்தைகள் வீதம் இருந்தன; கழுதைப்புலிகளும் அதே அளவுக்கு இருந்தன. அவற்றின் எச்சத்தை அலசிப் பார்த்ததில், உணவின் எடையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டுமே 39 சதவீதம். ஆடு அதற்கும் கீழேதான். அதே பகுதியில் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: மனிதர்கள் வீட்டுக்குள் அடங்கிய பிறகுதான் அவை வீடுகளை நெருங்கின. பகலில் விலகி, இரவில் நெருங்கி, நம் நேர அட்டவணையைப் பார்த்துத் தங்கள் நாளை அமைத்துக்கொண்டிருந்தன.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அங்கே கிடைத்த எச்சங்களில் கேளையாடு, கடமான், முள்ளம்பன்றி போன்ற காட்டு விலங்குகளே மிகுதி. வீட்டு விலங்குகள் மிகச் சொற்பம். கிடைப்பதைத் தின்பதுதான் சிறுத்தையின் வெற்றி. ஆப்பிரிக்கப் புல்வெளி, அரேபியப் பாறைமலை, பனி மூடிய ரஷ்யத் தூரக்கிழக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டம் என்று பெரும்பூனைகளில் வேறெதுவும் இவ்வளவு பரந்த நிலத்தில் பரவியதில்லை.

அந்தப் பரப்பு இப்போது எப்படி இருக்கிறது? 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, பழங்காலத்தில் சிறுத்தை வாழ்ந்த நிலத்தில் ஏறத்தாழ 75 சதவீதம் வரை கைவிட்டுப் போயிற்று. அதே ஆண்டு அதைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் "அழியவாய்ப்புள்ள" இனமாக அறிவித்தது. சிறுத்தைக்கு என்ன, அது எங்கும் பிழைத்துக்கொள்ளும் என்ற அசட்டை பாதுகாப்பு வட்டாரங்களிலும் நெடுங்காலம் இருந்தது. இந்தக் கணக்கு அதை உலுக்கியது. துணையினங்களைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். அரேபியச் சிறுத்தை 200க்கும் குறைவு. ஜாவா தீவில் மட்டுமே இருக்கும் ஜாவா சிறுத்தை அழிவின் விளிம்பை நோக்கிப் போகிறது. ஒரு நல்ல செய்தியும் உண்டு: இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 30 அளவுக்கு வீழ்ந்திருந்த அமுர் சிறுத்தை, 2012இல் ரஷ்யா அதற்கென்றே ஒரு தேசியப் பூங்காவை அமைத்த பிறகு 100ஐத் தாண்டியிருக்கிறது.

இந்தியாவில் 2018இல் 12,852 என்றும் 2022இல் 13,874 என்றும் மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டின் பங்கு 1,070; மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகியவற்றுக்கு அடுத்த இடம். இந்த எண்களை வைத்து "பெருகிவிட்டது" என்று முழங்குவோரும் உண்டு, "குறைகிறது" என்று புலம்புவோரும் உண்டு. ஆண்டுக்கு 1 சதவீதம் அளவிலான உயர்வு என்பது ஏறத்தாழ அசையாமல் நிற்பதுதான். சிவாலிக் மலையடிவாரத்திலும் கங்கைச் சமவெளியிலும் அது குறைந்தே இருக்கிறது. மேலும், இது புலி வாழும் காடுகளில் புலியை எண்ணும்போது கூடவே எடுத்த கணக்கு. கரும்பு வயல் சிறுத்தை, தோட்டத்துச் சிறுத்தை, வறண்ட குன்றுகளில் வாழும் சிறுத்தை எதுவும் அதில் ஒழுங்காக வரவில்லை. ஊரோடு உரசி வாழும் பகுதிதான் நமக்குப் பிரச்சினை. அந்தப் பகுதியைத்தான் எண்ணவில்லை.

சிறுத்தையைக் கொல்வது பெரும்பாலும் துப்பாக்கி அல்ல. பன்றிக்காகவும் முயலுக்காகவும் வேலியோரம் வைக்கும் சுருக்குக் கம்பியைத்தான் நான் முதலில் வைப்பேன். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியே போதும்; ஒரு முடிச்சு, ஒரு முளை, அவ்வளவுதான். இடுப்பில் மாட்டிய சிறுத்தை திமிறத் திமிறக் கம்பி இறுகி உள்ளுறுப்புகளை நசுக்கும். மீட்கும்போது உயிரோடு இருந்தாலும் சில நாட்களில் இறந்துவிடுவதுண்டு. 2020இல் இலங்கையின் நல்லதண்ணியில் அரிதான ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் தோட்டத்துச் சுருக்கில் சிக்கி, சிகிச்சைக்குக் கொண்டுபோன இடத்தில் இறந்தது. வைத்தவர் சிறுத்தைக்காக வைக்கவில்லை. அதற்கடுத்து, சாலை, திறந்த கிணறு, கொன்ற ஆட்டின் மீதத்தில் நஞ்சு தடவிவைப்பது. தோலுக்கான வேட்டையும் ஓயவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஷெம்பே திருச்சபையினர் வழிபாட்டு நடனத்தில் சிறுத்தைத் தோல் அணிவது வழக்கம். அவர்களைத் திட்டிப் பயனில்லை என்று உணர்ந்த பாதுகாப்பு அமைப்பினர், அசல்போலத் தோன்றும் செயற்கைத் தோலை வடிவமைத்து அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் ஏற்றுக்கொண்டார்கள். சிறுத்தைப் பாதுகாப்பில் நான் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று. அறிவுரை எதுவும் இல்லாமல் மாற்றுப் பொருள் கொடுத்தார்கள்.

இனி, மனித உயிர் பற்றி. சிறுத்தைப் பாதுகாப்பு பேசுபவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போவதுண்டு, அது நேர்மையில்லை. ருத்ரபிரயாக் பகுதியில் 1918 முதல் 1926 வரை ஒரே சிறுத்தை 125 பேரைக் கொன்றதாகப் பதிவு இருக்கிறது. இன்றைக்கும் உத்தராகண்ட மலைக்கிராமங்களில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. பிழைப்புக்காக மக்கள் வெளியேறிய கிராமங்களில், உழாத நிலம் புதராகி, மிச்சமிருக்கும் நாலைந்து வீடுகளின் வாசல்வரை வந்துவிட்டது. சிறுத்தை வாசலிலேயே பதுங்க முடிகிறது. நீலகிரியின் பந்தலூரிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களில் குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு எல்லை, வாசனை, காலியிடம் என்று பாடம் நடத்த முடியாது. மனிதரைத் திட்டமிட்டு இரையாக்கியது என்று உறுதியான சிறுத்தையை அகற்றத்தான் வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்றாலும், மனித உயிருக்கு ஆபத்தானது என்று எழுத்து மூலம் காரணம் காட்டி, தலைமை வன உயிரினக் காப்பாளர் அதைப் பிடிக்கவோ, பிடிக்க வழியே இல்லாவிட்டால் கொல்லவோ அனுமதிக்கலாம். 2011இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் அத்தகைய விலங்கை மீண்டும் காட்டில் விடக்கூடாது என்றும், வெறுமனே கண்ணில் பட்ட சிறுத்தைக்குக் கூண்டு வைக்கக்கூடாது என்றுமே சொல்கின்றன.

சிக்கல், "உறுதியான" என்ற இடத்தில்தான். கூண்டு ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. சம்பவம் நடந்த இடத்தைச் சுற்றி நாலைந்து கூண்டு வைத்தால், அந்த வழியே போகும் சிறுத்தைகளில் பசித்தது எதுவோ அது சிக்கும். கொன்றது வேறாக இருந்தால், குற்றமற்ற விலங்கு சிறைக்குப் போகும். கொன்றது வெளியே நடமாடும். ஊரோ ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பிக் கதவைத் திறந்து வைக்கும். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. சிறுத்தையின் உடலில் உள்ள பூவடிவப் புள்ளிகள் விலங்குக்கு விலங்கு வேறுபடும். இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றாக இராது. பாதையின் இருபுறமும் எதிரெதிராகக் கேமரா வைத்தால், எந்த விலங்கு எந்த இரவில் எங்கே நடந்தது என்று பட்டியல் போடலாம். காயத்தில் படிந்த எச்சிலிலிருந்து மரபணுவை எடுத்துப் பிடிபட்ட விலங்கோடு ஒப்பிடலாம். பிடித்த ஒவ்வொரு விலங்குக்கும் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்தலாம். இவையெல்லாம் நேரம் பிடிக்கும் வேலைகள். சாலை மறியல் நடந்துகொண்டிருக்கும்போது அந்த நேரத்தை வனச்சரகருக்கு யார் கொடுப்பார்கள் என்பதுதான் கேள்வி.

மும்பையில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும். ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பூங்கா. சுற்றிலும் கோடிக்கணக்கான மக்கள். 2004இல் அங்கே தொடர் தாக்குதல்கள் நடந்து பலர் இறந்தார்கள். வேறிடங்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து அந்தப் பூங்காவில் விட்டிருந்தார்கள் என்பது அதன் பின்னணி. பிறகு விடுவதை நிறுத்தினார்கள். 2011 முதல் வனத்துறை, ஆய்வாளர்கள், நகர மக்கள் சேர்ந்து ஒரு திட்டத்தை நடத்தினார்கள். குப்பை அள்ளுவது, அதனால் நாய்களும் பன்றிகளும் பெருகாமல் தடுப்பது, பூங்கா ஓரக் குடியிருப்புகளுக்குக் கழிப்பறையும் விளக்கும் கேட்டு வாங்குவது, போலீசாருக்குக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பயிற்சி தருவது, பத்திரிகையாளர்களோடு உட்கார்ந்து பேசுவது. எதிலும் சாகசம் இல்லை. தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. முற்றிலும் நின்றுவிடவில்லை: 2021, 2022 ஆண்டுகளில் பூங்காவை ஒட்டிய ஆரே பகுதியில் மீண்டும் நடந்தன, ஒரு குழந்தையும் இறந்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மும்பையில் கற்ற அந்தக் கூட்டக் கட்டுப்பாடு எல்லா ஊருக்கும் தேவை. சிறுத்தையால் காயம்பட்டவர்களில் கணிசமானோர் அதைப் பார்க்கப் போனவர்கள். பகலில் ஏதோ ஒரு வீட்டிலோ, புதரிலோ சிறுத்தை மாட்டிக்கொள்கிறது. பொழுது சாயும்வரை அதைத் தனியாக விட்டால், அது தானாகப் போய்விடும். ஆனால் அரை மணி நேரத்தில் ஆயிரம் பேர் கூடுகிறார்கள். மாடியில், மரத்தில், மதிலில் ஆட்கள். தப்பிக்கும் வழியெல்லாம் மனிதச் சுவர். மயக்க ஊசி செலுத்த வந்த கால்நடை மருத்துவருக்குத் தெளிவான பார்வைக் கோணம் கிடைப்பதில்லை. ஊசி பட்டாலும் மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் கூட்டத்தின் சத்தத்தில் வெருண்ட விலங்கு பாய்ந்துவிடும். அப்படிப் பாயும்போது நாலு பேருக்குக் கிழிபடும். மறுநாள் "வெறிபிடித்த சிறுத்தை" என்று தலைப்பு வரும். சிறுத்தை தென்பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அதோடு போலீசுக்கும் சொல்லுங்கள். முதலில் வந்து சேர வேண்டியது கூண்டு அல்ல, கூட்டத்தை விலக்கும் ஆட்கள்.

ஊர் செய்யக்கூடிய மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான், செய்வதுதான் இல்லை. ஆட்டுப்பட்டிக்குக் கூரையும் கதவும் வேண்டும். நாலு பக்கமும் வேலி போட்டு மேலே திறந்து விட்டால், உள்ளே குதித்த சிறுத்தை சிதறி ஓடும் ஆடுகளைப் பார்த்து ஒன்றோடு நிற்காமல் பத்தைக் கொன்றுபோடும். வளர்ப்பு நாயை வெளியே கட்டிவைப்பது சிறுத்தையை வீட்டு வாசலுக்கு அழைப்பதாகும். இறைச்சிக் கழிவை ஓடையில் கொட்டாதீர்கள். இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதர் சிறுத்தையின் கண்ணுக்கு நாலுகால் விலங்குபோலத் தெரிவார் என்பதால், திறந்தவெளியில் மலம் கழிக்கப் போவோர்தான் எளிதில் தாக்கப்படுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வீட்டோடு ஒரு கழிப்பறையும், வாசலில் ஒரு விளக்கும், சுற்றிலும் புதர் வெட்டிய 20 அடி நிலமும் இருந்தாலே பாதி ஆபத்து குறையும். இதெல்லாம் வனத்துறையின் வேலையே அல்ல. தோட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் செய்ய வேண்டியவை. பழியை மட்டும் வனத்துறை வாங்கிக்கொள்கிறது. ஆடு மாட்டுக்கான இழப்பீடு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்படும் இடங்களில்தான் நஞ்சு வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரும்பு வெட்டும்போது குட்டிகள் கிடைத்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. தூக்கிக்கொண்டு போய்ப் பால் ஊற்றாதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். குட்டியைக் காணாத தாய் இரவெல்லாம் அந்த வயலைச் சுற்றும், அப்போதுதான் உண்மையான ஆபத்து. மகாராஷ்டிரத்தில் இதற்கு ஒரு நடைமுறை பழகிவிட்டது. மருத்துவர் குட்டிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் கண்டெடுத்த அதே இடத்தில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு எல்லோரும் விலகிவிடுகிறார்கள். சுற்றிலும் கேமரா. இருட்டியதும் தாய் வந்து, பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகிறது. முதல் இரவில் வராவிட்டால் மறு இரவும் வைக்கிறார்கள். இப்படிச் சேர்த்து வைக்கப்பட்ட குட்டிகள் ஏராளம்.

கடைசியாக, இரண்டு மாற்று யோசனைகள். கருத்தடை செய்துவிடலாமே என்கிறார்கள். அதற்கும் ஒவ்வொன்றையும் பிடித்தாக வேண்டும். கருத்தடை செய்த சிறுத்தைக்கும் நாளை பசிக்கும், அது இன்னும் பத்தாண்டு ஆடு பிடிக்கும். நீண்ட கால எண்ணிக்கையில் ஏதாவது பயன் இருக்கலாம், இன்றைய தாக்குதலுக்கு அது மருந்தல்ல. பிடித்ததையெல்லாம் கூண்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்பது இன்னொன்று. ஜுன்னருக்கு அருகே மாணிக்டோவில் அதற்கென்றே ஒரு மீட்பு மையம் இருக்கிறது. காட்டில் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் சிறுத்தை, நன்றாகப் பராமரித்தால் கூண்டில் இருபது ஆண்டுவரை வாழும். அத்தனை ஆண்டும் அதற்குத் தினசரி இறைச்சியும், மருத்துவமும், தனி அறையும் வேண்டும். வயலில் காலியான அதன் இடத்துக்கு அடுத்த சிறுத்தை ஒரு பருவத்துக்குள் வந்துவிடும். அதையும் பிடிக்கச் சொல்லி மனு வரும். எத்தனை கூண்டு கட்டினாலும் அந்தக் கணக்கு நேராகாது என்பதால், இருக்கிற அறைகளை ஆளைக் கொன்றது உறுதியானவற்றுக்கும், காட்டில் பிழைக்க முடியாதபடி காயம்பட்டவற்றுக்கும் மட்டும் ஒதுக்குவதே சரி என்பேன்.